உப்பு வந்துச்சா, டீச்சர்?

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எங்கள் அண்ணனின் வலது கை எதையோ பிடித்தபடி அந்தரத்தில் நிற்கும். அவர் பிடித்திருந்தது கரண்டியை. "அட்டைக்குக் கரண்டியெல்லாம் நல்லா இருக்காதும்மா, சாமி படம் மாரி இருக்கணும்" என்று ஸ்டுடியோக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். பின்னால் இருந்த அடுப்பையும் அழித்து, நீல வானம் போட்டு, நாலு மேகமும் வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணிதான் என் கையைப் பிடித்து அடக்கினார்.

"வுடு பாப்பா. அங்கயும் எதையாவது கிளறிக்கினுதான் இருப்பாரு" என்றார்.

படம் அப்படியே அச்சாகிவிட்டது. அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும், முதல் வேலையாக அந்தக் கையில் ஒரு கரண்டியை மனத்தால் வைத்துவிட்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவருடைய ஒரே தங்கை நான். இதை எழுதும் பொறுப்பை அண்ணி என் தலையில் கட்டியதற்குக் காரணம் உண்டு. அண்ணன் உங்கள் எல்லோரிடமும் ஒன்று சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் கிளியனூரிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் பிறந்தது கிளியனூரில். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் விளையும் கொஞ்சம் நிலம், அதைவிட்டு நகராத அப்பா, பிள்ளைகள் நாங்கள் இருவர். நான் பிறந்த பிறகு அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே வலுவில்லாமல் போயிற்று. கட்டிலே கதியாகிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த அண்ணன் புத்தகப் பையை மாட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். அன்று பற்ற வைத்தவர்தான்.

கூடத்துக் கட்டிலில் படுத்தபடி அம்மா மூக்காலேயே சமையலை நடத்துவார். "மல்லி செவந்துச்சுடா, எறக்கு!" என்று அங்கிருந்து குரல் வரும். "வெந்தயம் இன்னும் பச்சையா கீது, எதுக்கு இந்த அவசரம்?" என்று அடுத்த குரல் வரும். அம்மாவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. சமைக்கிறவர் சமைக்கும்போது ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதல் பிடி காக்கைக்கு. பிறகு வீட்டில் உள்ளவர்களுக்கு. சமைத்தவர் கடைசியில். நடுவில் ருசி பார்த்தால் அது எச்சில் சோறு. அதனால் உப்பையும்கூட எங்கள் வீட்டில் மோந்துதான் பார்த்தார்கள். "உப்பு வந்துச்சாடா?" என்று அம்மா கேட்பார். அண்ணன் சட்டிமேல் குனிந்து, கண்ணை மூடி, "வந்துச்சும்மா" என்பார்.

உப்புக்கு ஏது வாசனை என்று நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"உப்புக்கு வாசம் இல்ல பாப்பா. உப்பு வுழுந்தாத்தான் மத்ததெல்லாம் வாயத் தொறக்கும்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் கையில் உப்பு ஒரு நாளும் தப்பியதில்லை.

அம்மா போன பிறகு அண்ணன் திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். நெல் அவிக்கும் இடம். ஊறின நெல்லின் புளித்த மணமும், ஆவியில் வெந்த நெல்லின் இனிப்பு மணமும் அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். எனக்குத் திண்டிவனத்திலேயே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தனக்குப் பெண் பார்த்தார். அண்ணி கண்டமங்கலம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பேருக்கும் தோதாக விழுப்புரத்தில் வீடு பிடித்தார்கள். அவர் ஒரு பக்கம் பஸ் ஏறுவார், அண்ணி இன்னொரு பக்கம் ஏறுவார். பெண் பார்க்கப் போன அன்றே அண்ணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம், "எனக்கு சமையல் வராதுங்க. சுடுதண்ணி வெச்சாலே அடி புடிச்சிடும்." அண்ணனுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அடுப்பில் பங்கு கேட்க ஆள் இல்லை என்று நிம்மதியாகத் தாலி கட்டினார். அன்றிலிருந்து அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான்.

அந்த விழுப்புரம் வீட்டு விடியற்காலைகள் எனக்கு இன்றும் தூக்கத்தில் வருகின்றன. லீவுக்குப் போய்த் தங்குவேன். பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாகக் கிடக்கும்போது ஒவ்வொரு வாசனையாக வாசல் தாண்டி வரும். முதலில் சுக்குக் காப்பி. அப்புறம் வறுபடும் மல்லாட்டை. அதன் பின்னால் பூண்டு. எழுந்து போகவும் மனம் வராது, மறுபடி தூங்கவும் மனம் வராது. அந்த இடைப்பட்ட இடத்திலேயே நான் மிதந்துகொண்டு கிடப்பேன். புகைக்குள்ளே அண்ணன் முண்டா பனியனும் தோளில் துண்டுமாக மங்கலாகத் தெரிவார். யாரையும் எழுப்ப மாட்டார். வாசனை எழுப்பட்டும் என்று விட்டுவிடுவார்.

அவருக்குப் பிடித்த சாப்பாடு கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு வாங்க ஞாயிற்றுக்கிழமை பொம்மையார்பாளையம் வரை பஸ்ஸில் போவார். அங்கே விற்கும் அம்மாக்கள் இவரைக் கண்டாலே, "மூக்குக்காரரு வந்துட்டாரு, பழச உள்ள எடுத்து வை" என்பார்களாம். வாளைக் கருவாட்டை வெந்நீரில் அலசி, மண்சட்டியில் புளி கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகுதான் போடுவார். பிஞ்சுக் கத்தரிக்காய் முன்னாலேயே வெந்திருக்க வேண்டும். மாங்காய்த் துண்டு கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, சட்டியின் சூட்டிலேயே வேக வேண்டும். அந்த மாங்காய்க்கு எனக்கும் அண்ணிக்கும் நடந்த சண்டைகளை இங்கே எழுதினால் மலர் நிறைந்துவிடும். வெயில் காலத்தில் பதநீருக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவார். நுங்கைத் தோண்டி நன்னாரி சர்பத்தில் போட்டு, மண்பானையில் குளிர வைத்துக் கொடுப்பார். முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடைக்கு மல்லாட்டைத் துவையல்தான் வைப்பார், வேறு எதுவும் வைக்க விடமாட்டார்.

ஆனால் நம் சொந்தத்தில் எல்லோரும் ஆசைப்பட்டது அவருடைய புளிசோற்றுக்கு. பழைய புளி, நல்லெண்ணெய், கடைசியில் தோலோடு வறுத்த மல்லாட்டை. எள்ளும் வெந்தயமும் தனியாவும் வறுத்து, ஆறவிட்டு, கையால் இடித்துத் தூவுவார். எந்த வளைகாப்பானாலும் கட்டுச்சோற்றில் அந்தப் புளிசோறு இருந்தாக வேண்டும். இருக்கிற தூக்கில் கொஞ்சம் வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போகாத உறவினர் நம்மில் யார்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய அந்தக் கெட்ட காலத்தில் அண்ணனுக்கும் காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தார். நாங்கள் எல்லோரும் சாமிக்குக் கும்பிடு போட்டோம். அவர் மட்டும் அதிகம் பேசவில்லை. அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பின்தான் என் மகளின் வளைகாப்பு வந்தது. தாய்மாமன் கட்டுச்சோறு. விழுப்புரத்திலிருந்து அண்டாக்களோடு வேனில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, முகத்தில் என்னவோ ஒரு பதற்றம். நானே பரிமாறினேன். என் மகள் முதல் வாய் வைத்தாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு மாமன் பக்கம் திரும்பி, "மாமா, சூப்பர்!" என்றாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. உள்ளே போய் ஒரு பிடி வாயில் போட்டேன்.

அந்தப் புளிசோற்றில் உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை.

கூடம் நிறைய சம்பந்தி வீட்டார். என் மாமியாரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. கல்யாண வீட்டில் பாயசத்தைக் குடித்துவிட்டுச் சமையல்காரரைத் தேடிப் போய்த் திட்டிவிட்டு வருகிற ஆள். அவர் இலைக்கு முன்னால் நான் போய் நின்றேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. அண்ணன் வாசல் நிலையைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாசலில் நின்ற அண்ணனையும் பார்த்தார்.

"என்னா மரம் மாரி நின்னுக்கினு கீற? இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்றார்.

பந்தி முடியும் வரை ஒருவர் வாயிலிருந்தும் உப்பு என்ற சொல் வரவில்லை. அன்று அந்தக் கூடத்தில் சாப்பிட்டவர்களில் பலர் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும்.

மறு வாரமே விழுப்புரத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. தெருமுனையிலேயே தீய்ந்த வாடை. அடுப்பில் பால் சுண்டி, கருகி, பாத்திரம் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "வா பாப்பா, ஏன் வாசல்லயே நின்னுட்ட?" என்றார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அப்போதுதான் அவர் பாத்திரத்தைப் பார்த்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வாசமே வர்றதில்ல பாப்பா. காய்ச்சல்ல போனது. திரும்பி வரல. உப்பு போட்டமா இல்லையான்னே தெரியறதில்ல" என்றார்.

நான் கத்தினேன். "அண்ணா, கேஸ் தொறந்திருந்தாக்கூட உனக்குத் தெரியாது! போதும், அடுப்ப வுடு. நான் ஒரு ஆள் வெக்கிறேன்."

"அடுப்ப வுட்டுட்டு நான் என்னத்தப் பண்ணிக்கினு உக்காருவேன்?"

"அப்ப நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாரேன். நாக்குல உப்பு தெரியுதுல்ல?"

தலையை ஆட்டினார். நாக்கில் தெரியும். ஆனால் வைக்க மாட்டார். "அம்மா கட்டுலு அங்கதான் கீது பாப்பா, எனக்கு" என்று கூடத்தைக் காட்டினார். விழுப்புரம் வீட்டுக் கூடத்தில் எந்தக் கட்டிலும் இல்லை.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அண்ணி என் கத்தலைக் கேட்டுக் கொல்லையிலிருந்து வந்து நின்றிருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் மோந்து சொல்றேன். நீங்க சமைங்க."

"உனக்கு எது என்ன வாசம்னே தெரியாதே டீச்சர்."

"தெரிஞ்சத சொல்றேன்."

அண்ணிக்குத் தெரிந்தது பள்ளிக்கூடம் ஒன்றுதான். அப்படித்தான் அந்த வீட்டில் ஒரு புது பாஷை தொடங்கியது. நான் போகும்போதெல்லாம் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். அண்ணன் வாணலியைக் கிளறியபடி, "இப்ப என்ன வருது டீச்சர்?" என்பார். அண்ணி கண்ணை மூடுவார். "சாக்பீஸ் டப்பா." "அப்ப மாவு இன்னும் பச்சை. இப்ப?" "ஜூன் மாசம். புது நோட்டு பிரிக்கிற மாரி." "மல்லி வறுபட்டுடுச்சு. இப்ப?" "மழை வர்றதுக்கு முன்னால, பிரேயர்ல நிக்கிற மாரி." "சரி, புளி கொதிக்குது." கருவாடு போட்டால் மட்டும் அண்ணி மூக்கைப் பிடித்துக்கொள்வார். "பரீட்சை லீவு முடிஞ்சு கிளாஸ் ரூம தொறக்கிறேங்க!" அண்ணன் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போடுவார்.

எல்லாம் முடிந்து கடைசியில் அந்தக் கேள்வி வரும்.

"உப்பு வந்துச்சா, டீச்சர்?"

அண்ணிக்கு அது மட்டும் பிடிபடவே இல்லை. முதல் ஆண்டு முழுக்கக் குத்துமதிப்பாகத்தான் சொன்னார். சில நாள் குழம்பு கடல் தண்ணீர். சில நாள் வெறும் தண்ணீர். வந்தவர்கள் எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அப்புறம் எப்போது என்று தெரியாது, அண்ணி "வந்துச்சு" என்றால் வந்திருந்தது. எப்படி அண்ணி என்று கேட்டேன். "உங்கண்ணன் சொன்னது நெசந்தான். திடீர்னு எல்லாம் சேந்து பேசற மாரி ஆவுது. அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சதும் கிளாஸ் இருக்குமே, அப்புடி" என்றார். இத்தனை ஆண்டு ஆளுக்கொரு பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கடைசியில் ஒரே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சேர்ந்து வாழ்ந்தது அந்த நாள்களில்தான். அண்ணனுக்கு மூக்கு போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்றுகூட ஒரு சில சமயம் நினைத்திருக்கிறேன்.

பிறகு இதயம் தளர்ந்தது. புதுச்சேரி மருத்துவமனையில் படுத்திருந்தபோது டாக்டர் வந்து உப்பே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா பாப்பா, டாக்டரே என் பக்கம் வந்துட்டாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வளைகாப்பு அன்னிக்கு எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"உப்பு இல்லன்னு. எலை எடுக்கறப்போ பாத்தேன். எல்லா எலையிலயும் ஓரத்துல வெச்ச உப்பு காலி. உங்க மாமியா எலையில வழிச்சே எடுத்துருக்கு. பெசஞ்சு பெசஞ்சு சாப்புட்டிருக்காங்க. ஒருத்தர்கூட வாயத் தொறக்கல பாப்பா." மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "அன்னிக்கு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே கரண்டிய வெச்சுட்டிருப்பேன். மறுபடி தொட்டிருக்க மாட்டேன். டீச்சரு பக்கத்துல வந்து உக்காந்திருக்க மாட்டா. அவங்க எல்லாருக்கும் நான் சொன்னேன்னு சொல்லு. எனக்கு நேருல சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மதியத் தூக்கத்தில், யாரையும் எழுப்பாமல், வழக்கம்போல் போய்விட்டார்.

காரியத்துக்கு முந்தின நாள் படையல் போட வேண்டும். போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்க வேண்டும். சமைக்க ஆள் வைக்கலாம் என்றார்கள். அண்ணி கேட்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தனியாக அடுப்பின்முன் நின்றார். முக்காலி காலியாக இருந்தது. நான் வாசலில் உட்கார்ந்தேன். புளி கொதிக்கத் தொடங்கியது. அண்ணி கிளறிக்கொண்டே தனக்குத்தானே பேசினார். "ஏங்க, புது நோட்டு வந்துடுச்சு." சற்று நேரம். "பிரேயர் வந்துடுச்சுங்க, மழை வரப்போவுது." எண்ணெய் பிரிந்தது. இடித்த பொடி விழுந்தது. உப்பை எடுத்துப் போட்டார். பிறகு கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கிளறவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

உப்புக்கு ஏது வாசனை என்று ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவள் நான். எழுந்து போய் அந்த முக்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். நானே கேட்டேன்.

"உப்பு வந்துச்சா, டீச்சர்?"

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணை மூடி, ஆவியை இழுத்தார்.

"வந்துச்சு" என்றார். அடுப்பை அணைத்தார்.

அண்ணனின் நோயில் உடனிருந்த உறவினர்களுக்கும், மருத்துவமனையில் இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர் பெண்களுக்கும், ரைஸ் மில்லிலிருந்து வந்து தோள் கொடுத்த நண்பர்களுக்கும், கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அழுத பொம்மையார்பாளையம் அம்மாக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவை எங்கள் நன்றிகள். அண்ணனின் நன்றி வேறு. அது, வளைகாப்பு அன்று இலை ஓரத்து உப்பை எடுத்துப் பிசைந்துகொண்டு, வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியது. என் மாமியாருக்கு இரண்டு பங்கு. அண்ணன் கொடுத்தனுப்பியதை இதோ உங்கள் கையில் சேர்த்துவிட்டேன்.

இன்று மதியம் எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். புளிசோறு உண்டு, அண்ணி செய்தது. இதை எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டியபோது, கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே சேர்க்கிறேன்.

"உப்பு கம்மியா இருந்தா நேரா என்கிட்ட சொல்லச் சொல்லு பாப்பா. எனக்காக யாரும் வாய மூடிக்கினு சாப்புட வேணாம். அன்னிக்கு அது அவருக்குன்னு பண்ணது. அவருக்கே இருக்கட்டும்."